கூட்டுமிதிக்கு ஒரு லோகோ

செப்டம்பர் 14, ஞாயிறு

பயிற்சிக் கணக்கு எழுதுவதற்கென்று கண்ணையன் இந்த நோட்டைக் கொடுத்தார். தேதி, கிலோமீட்டர், தூங்கிய நேரம். அவ்வளவுதான் எழுத வேண்டுமாம். சிங்காநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கு மனிதனும் ஒரு சைக்கிள்தான். எண்ணெய் விட்டுக் காற்றடித்தால் ஓடிவிடுவான் என்று நினைக்கிறார். நான் இருபத்துமூன்று வருடமாக லோகோ வரைந்து பிழைக்கிறவன். எதையும் ஒரு கோட்டில் சொல்லிவிடுவேன், ஒரு வரியில் சொல்ல வராது.

விஷயம் இதுதான். டிசம்பர் 14ஆம் தேதி கண்ணையனின் குழு 'கூட்டுமிதி' என்று ஒரு நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் நடத்துகிறது. கோவையிலிருந்து ஆழியாறு போய்த் திரும்ப நூற்று முப்பது கிலோமீட்டர். சேரும் நன்கொடை பார்வையற்ற பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதிக்குப் போகிறது. எல்லாம் இரட்டை சைக்கிள்கள். முன்சீட்டில் பார்வையுள்ளவர், பின்சீட்டில் பார்வையற்றவர். லோகோ, போஸ்டர், அட்டை எல்லாம் நான் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றேன். "அப்படியே முன்சீட்லயும் உக்காந்துருங்க அர்த்தநாரி" என்றார். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் ஓட்டுகிறவன், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

என் பின்சீட்டில் செங்கமலம். வங்கியில் அதிகாரி, முப்பத்துமூன்று வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. சைக்கிளில் ஏறும் முன்பே சட்டம் போட்டுவிட்டாள்.

"ஏனுங்ணா, முன்சீட்டுக்காரங்களுக்கு ஒரே ஒரு சட்டந்தானுங்க. கண்ணுல படறது அத்தனையும் வாயில வரோணும். பள்ளம், மேடு, நாயி, பஸ்ஸு. நீங்க சொல்லாதது எனக்கு ரோட்லயே இல்லீங்."

பதினெட்டு கிலோமீட்டர். தொண்டை வறண்டுவிட்டது. ஒரு நாளில் நான் இவ்வளவு பேசியதே இல்லை என்கிறாள் என் மனைவி சுகந்தி.

வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. தள்ளிப் போட்டிருக்கிறேன். போஸ்டர் வேலை கிடக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். சும்மா கண் வறட்சிதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சூலூர் வரை போய் வந்தோம். முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

எனக்குப் பழைய கடைப் பலகைகளைப் பார்க்கிற பைத்தியம் உண்டு. கையால் எழுதிய பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் வர மாட்டேன். இன்று ஒரு இரும்புக் கடைப் பலகையைத் தாண்டும்போது என்னையறியாமல் "அடடா, என்ன எழுத்து!" என்று சொல்லிவிட்டேன். செங்கமலம் விடவில்லை.

"எழுத்து எப்படீங்ணா? தடியா, ஒல்லியா?"

"தடி எழுத்து அம்மணி. நிழல் வேற போட்டிருக்கான்."

"எழுத்துக்கு எதுக்குங்ணா நிழலு? வெயில்லயா நிக்குது?"

அப்புறம் வழியெல்லாம் ஒவ்வொரு பலகைக்கும் தடியா ஒல்லியா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தடி எழுத்துக் கடையில் ஆள் நம்பிக்கையாக இருப்பானாம், ஒல்லி எழுத்துக் கடைக்காரன் எடை குறைப்பானாம். இப்படி ஒரு ஆராய்ச்சியை எந்த டிசைன் கல்லூரியிலும் நான் படித்ததில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சுகந்திக்கு ஏதோ புதுப் பழக்கம். கடைவீதியில் நடக்கும்போது எனக்கு இடது பக்கம்தான் வருகிறாள். வலது பக்கம் வா என்றாலும் சுற்றிக்கொண்டு இடது பக்கமே வந்துவிடுகிறாள்.

செப்டம்பர் 27, சனி

லோகோ முடிந்தது. நாற்பத்தொன்று வரைந்து நாற்பதைக் கிழித்தேன். இரண்டு சக்கரம், நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒரு வளைகோடு. அவ்வளவுதான். குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் தொழில் வாழ்க்கையில் இது முதல் தடவை. விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக அச்சடித்த மாதிரி அட்டை நாளை வரும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இருபத்தெட்டு கிலோமீட்டர். ஒரே மானக்கேடு.

டீக்கடையில் நிறுத்தி மாதிரி அட்டையைச் செங்கமலத்தின் கையில் கொடுத்தேன். பெருமை தாங்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். விரலால் இரண்டு தடவை தடவினாள். மூன்றாவது தடவை டீயைத் துப்பிவிட்டாள்.

"ஏனுங்ணா, கண்ணு தெரியாதவிங்க ஓட்டத்துக்கு மூக்குக்கண்ணாடி படமா போட்டிருக்கீங்க?"

வாங்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியேதான். சக்கரம், சக்கரம், நடுவில் மூக்கின் மேல் உட்காரும் வளைவு. கண்ணுள்ள பதினொரு பேர் பார்த்துத் தலையாட்டிய லோகோ இது. கடைக்காரர், பக்கத்து பெஞ்சுக்காரர், எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்ணா. என்ற மூஞ்சிக்கு அளவு செரியாத்தான் இருக்கும்" என்று அட்டையைக் கண்ணில் வைத்துக் காட்டினாள். வாய்க்கொழுப்புக்கு அளவே இல்லை. மறுபடியும் வரைய வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

நாற்பது கிலோமீட்டர்.

போஸ்டர் ஐந்நூறு அடித்து ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. லோகோ இல்லாமல், எழுத்து மட்டும் வைத்துச் செய்தது. இடது கீழ் மூலையில் 'இங்கே முகவரி வரும்' என்று இருக்கிறது. நான் இடத்துக்காகப் போட்டு வைத்த வரி. முகவரியை மாற்றிப் போடாமல் அப்படியே அச்சாகியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுத்தான் அச்சுக்குப் போனது. அச்சகத்துக்காரனை ஒரு பிடி பிடித்தேன். அவனாவது பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா? சுகந்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று முனகினாள். கூடவே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அது கேலிப் பார்வை இல்லை.

காலையில் ஒண்டிப்புதூர் அருகே செங்கமலம் கேட்டாள். "இப்ப இடது பக்கம் ஒரு பஸ்ஸு நின்னுதுங்களா? எஞ்சின் ஓடற சத்தம் கேட்டுது. நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே?" பேச்சு மும்முரத்தில் விட்டுப்போச்சு என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒன்பது கிலோமீட்டர்தான். ஒரு முட்டாள் வேனைப் பாதி சாலையில் நிறுத்திவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். அதன் கண்ணாடி செங்கமலத்தின் இடது முழங்கையில் உரசிவிட்டது. ரத்தம் வந்தது. அவள் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள், நான்தான் வேன்காரனோடு சண்டை போட்டேன். "ஏனுங்க, காலையிலிருந்து இங்கயேதான நிக்குது வண்டி" என்றான் அவன்.

வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகந்தி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போன பிறகு தனியாகத்தான் போனேன். ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். அங்கங்கே சின்ன வெளிச்சம் மினுங்கும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் மினுங்காததால், இந்நேரம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு தாளத்தோடு அமுக்கினேன். இத்தனை வருடம் இடைவெளிகளை அளந்து வேலை பார்த்தவனுக்குத் தாளமா தெரியாது?

மெஷின் கண்டுபிடித்துவிட்டது. வெளிச்சம் வராதபோதும் நான் அமுக்கியிருக்கிறேனாம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பரீட்சைலதாங்க காப்பியடிப்பாங்க" என்றார். திரும்ப எடுத்தார்கள்.

அறிக்கை மேசை இழுப்பறையில், பழைய எழுத்துரு புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கண்ணில் சீயக்காய் பட்டதற்கு சுகந்தி பதறிய பதற்றம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்டோபர் 26, ஞாயிறு

ஐம்பத்தைந்து கிலோமீட்டர். கிணத்துக்கடவு போய் வந்தோம். நல்ல வேகம். இன்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன், ஒன்று விடவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வந்து இறங்கியதும் செங்கமலம் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா செரியா பதில் சொல்லோணும். நீங்க வலது பக்கம் பூனைக்குட்டி நின்னாலும் சொல்றீங்க. இடது பக்கம் எதுமே சொல்றதில்லீங்க. இன்னைக்கு நாலு வண்டி நின்னுது. காத்து மாறுனது என்ற காதுக்கே தெரிஞ்சுது. இடது பக்கம் உங்களுக்குத் தெரியுதுங்களா, இல்லீங்களா?"

"தெரியாம என்ன? தெரியுது" என்றேன்.

"செரீங்" என்றாள். அவளுடைய ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். தடியா ஒல்லியா என்று இன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பொய் சொன்னதை இதிலாவது எழுதி வைக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் முன்சீட்டை விட்டு இறங்க வேண்டும். மற்ற முன்சீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஜோடி இருக்கிறது. செங்கமலத்துக்கு ஓட்டமே இல்லாமல் போய்விடும். இரண்டு வருடமாக இதற்காக அலைந்தவள். அவளுக்காகத்தான் சொல்லவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று எழுதிய கடைசி வரி பொய். எனக்காகத்தான் சொல்லவில்லை. பாதித் தாள் தெரியாதவனிடம் யார் லோகோ வரையக் கொடுப்பார்கள்? அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். அவருக்கும் இதேதான். எனக்கு பயமாக இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுகந்தி எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் இழுப்பறையிலிருந்து அறிக்கையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். இடது கண்ணில் முக்கால் பங்கு போய்விட்டது. கண்ணுக்குள் பிரஷர். போனது திரும்ப வராது. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் தெரியவில்லை, மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் காகிதத்தைத் தொடவே இல்லை.

"தெரியுமுங்க. ஆடி மாசத்துலிருந்தே தெரியும். பொரியலைத் தட்டுல இடது பக்கம் வெச்சேன். வெறுஞ்சோத்தைத் தின்னுட்டு, இன்னைக்குப் பொரியல் வெக்கலையான்னு கேட்டுப் போட்டு எந்திரிச்சீங்க. மூணு நாள் வெச்சுப் பாத்தேன். நாலாம் நாள்லிருந்து வலது பக்கம் வெக்கறேன்."

"ஏன் கேக்கலை?"

"நீங்களே சொல்லோணும்னு இருந்தேன்." அப்புறம்தான் அழுதாள். "உங்களுக்குச் சொல்றதுக்கு நான் ஆளில்லையாங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், அதுவும் சோறு போட்டவளிடமே. கடைவீதியில் எனக்கு இடது பக்கமே நடந்து வந்தவளை என்னவென்று சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டு எச்சில் கை காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கிலோமீட்டர் இல்லை.

கண்ணையன் கடையில் வைத்து இருவரிடமும் சொன்னேன். கண்ணையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார். செங்கமலம் முழங்கையில் காய்ந்திருந்த தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு தெரியலைங்கறது எனக்கு ஒரு விசயமே இல்லீங்ணா. அது எங்க வீட்டு சமாச்சாரம். நான் கேட்டப்ப தெரியுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். உங்க வாய்ல வர்றதுதான் எனக்கு ரோடுன்னு முதல் நாளே சொன்னேன். ரோட்டுலயே பொய் போட்டீங்களேங்ணா."

மன்னிப்புக் கேட்டேன். "செரீங்" என்றாள். அந்த 'செரீங்' இன்னும் காதில் நிற்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஓட்ட ஏற்பாடுகளைத் தன் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுக் கண்ணையனே செங்கமலத்துக்கு முன்சீட்டில் உட்காருகிறார். மனதில் இருந்த பெரிய கல் இறங்கியது. அவள் போகிறாள், அது போதும்.

மாலையில் கண்ணையன் போன் செய்தார். ஒரு இரட்டை சைக்கிள் மிச்சம் இருக்கிறதாம். அன்றைக்கே குடும்பங்களுக்காகக் கிணத்துக்கடவு போய்த் திரும்பும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. "பின்சீட்ல உக்காருவீங்களா?" என்றார்.

"முன்சீட்டுக்குத்தான் ஆளில்லையே?"

"நீங்க என்னைய கேட்டா? உங்க வீட்லதான் இருக்குது ஆளு."

சுகந்தி சின்ன வயதில் கோபியில் பள்ளிக்கூடம் போகும்போது தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவளாம். இதை என்னிடம் ஏன் சொன்னதில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். அதுவும் சரிதான்.

நவம்பர் 16, ஞாயிறு

பதினான்கு கிலோமீட்டர். பின்சீட்டு என்றால் என்னவென்று இன்றுதான் தெரிந்தது. கைப்பிடி இருக்கிறது, திரும்பாது. பிரேக் இல்லை. முன்னால் தெரிவதெல்லாம் சுகந்தியின் முதுகு. சாலையைப் பற்றி அவள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அவள் சொல்லும் லட்சணமோ இப்படி:

"பள்ளம் வருது! வந்துருச்சு! போயிருச்சு! ஏனுங்க பிரேக் புடிக்கறப்ப மிதிக்கறீங்க? மனுசன் பின்னாடி உக்காந்தும் அதிகாரமா?"

மூன்று வருடத்தில் நான் ஓட்டிய எந்த ஞாயிறும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. செங்கமலம் இத்தனை நாள் எப்படி என் பின்னால் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். வேன் கண்ணாடி உரசிய பிறகும் மறுபடி வந்து ஏறி உட்கார்ந்தாளே!

நவம்பர் 22, சனி

புது லோகோ. இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். மெழுகுப் பென்சிலால் மேடாகக் கோடு இழுத்து, விரலால் தடவித் தடவித் திருத்தினேன். முன்னால் ஒரு பெடல், பின்னால் ஒரு பெடல், இரண்டையும் கோத்து ஒரு சங்கிலி. இடது ஓரம் வரை விரல் போகிறது. கண் விட்ட இடத்தில் விரல் போகும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

கண்ணையனிடம் கொடுத்துச் செங்கமலத்திடம் காட்டச் சொன்னேன். நேரில் கொடுக்கத் தைரியம் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இருபத்திரண்டு கிலோமீட்டர். செங்கமலம் என்ன சொன்னாள் என்று கண்ணையனைக் கேட்டேன். "சங்கிலின்னு சொல்லுச்சு." வேறு? "வேறொண்ணும் சொல்லல. அட்டையைத் திருப்பிக் குடுக்காம பையில போட்டுக்கிச்சு."

டிசம்பர் 7, ஞாயிறு

நாற்பத்தாறு கிலோமீட்டர், மழையில். சுகந்திக்குத் தும்மல். ஆஸ்பத்திரியில் பிரஷர் இறங்கியிருக்கிறது என்றார்கள். இரண்டு வாடிக்கையாளர்களிடம் என் கண் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் பிறகு கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிடவில்லை. இன்னொருவர், "அதனாலென்னங்க, லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்குங்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நூற்று முப்பதுக்காரர்கள் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது எட்டு மணி. எங்கே பார்த்தாலும் சட்டையில் என் சங்கிலி. விடுதிப் பெண்கள் இருபது பேர் வரிசையாக நின்று ஒருவர் முதுகில் ஒருவர் லோகோவைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்த லோகோக்களில் இத்தனை பேர் தொட்டுப் பார்த்தது இது ஒன்றுதான்.

போகும்போது எதிர்காற்று. கிணத்துக்கடவில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்தார்கள். சுகந்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். வேனில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இவ்வளவு தூரம் உங்களைச் சொமந்துட்டு வந்தது வேன்ல ஏறவா?" என்று எழுந்துவிட்டாள்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியிருப்போம். பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது, கண்ணையனின் மணிச் சத்தமும் கேட்டது. ஆழியாறு போய்த் திரும்பி வருகிறார்கள். எங்களுக்கு வலது பக்கமாக வந்து இணையாக ஓட்டினார்கள். செங்கமலத்தின் முகமெல்லாம் புழுதியும் வியர்வையும். நாங்கள் பேசி ஆறு வாரம் ஆகியிருந்தது.

"அக்கா, அண்ணன் இருக்காருங்களா?"

"இருக்காரு அம்மணி. பின்னாடி நோகாம உக்காந்துட்டு வர்றாரு" என்றாள் சுகந்தி, மூச்சு வாங்க.

கொஞ்ச தூரம் எட்டுக் கால்களும் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தன. அவள் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணா, இடது பக்கம் பஸ்ஸு ஒண்ணு நிக்குது பாருங்க. எஞ்சின் ஓடுது. ஆளுங்க எறங்கறாங்க. பாத்து."

சுகந்தி ஏற்கனவே விலக்கி ஓட்டத் தொடங்கியிருந்தாள். அது செங்கமலத்துக்கும் தெரியும். அவள் சொன்னது எனக்காக. தலையை முழுசாக, தோள்வரை இடது பக்கம் திருப்பினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாள் இல்லாமல் இருந்த பஸ். பழைய வண்டி, பக்கவாட்டில் கையால் எழுதிய பெயர்.

கண்ணையன் வேகம் பிடித்துவிட்டார். அவர்கள் எங்களைத் தாண்டி இருபது அடி போனதும் அவள் கத்தினாள்.

"எழுத்து எப்படீங்ணா?"

"தடி அம்மணி!" கண்ணில் வழிவதைத் துடைக்காமல் நானும் கத்தினேன். "மஞ்சள்ல! நிழல் போட்ட தடி எழுத்து!"

பின்சீட்டிலிருந்து ஒரு கை மேலே உயர்ந்து ஆடியது. சுகந்தி, "மிதிங்க, மிதிங்க, அழுதா வண்டி நவுருமா?" என்றாள். அவள் குரலும் சரியில்லை.

ஐம்பது கிலோமீட்டர். இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டாயிற்று. இனிமேல்தான் தூங்க வேண்டும்.